நூற்றுப் பதினான்கு தப்படி

கோதை குழாயை முழுசாகத் திருகினாள். குழாய் இரண்டு தரம் இருமியது, கொஞ்சம் துருவைத் துப்பியது, அதோடு சரி. பித்தளைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். கூடத்தில் அவளுடைய அப்பா கோவிந்தராஜைக் கிடத்தியிருந்தார்கள். காலை ஐந்தே முக்காலுக்குப் போன உயிர். இப்போது மணி ஏழு. மின்மயானத்தில் நான்கு மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. அதற்குள் அவரைக் குளிப்பாட்ட வேண்டும்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தே வரல கோதை," என்றாள் பின்னாலேயே வந்த ஜமீலா. எதிர்வீட்டுக்காரி, கல்லியில், அதாவது அந்தச் சந்தில், முப்பது வருடப் பழக்கம். "கேபிளுக்குப் பள்ளம் தோண்ட வந்தானுங்க இல்ல, பைப்பை ஒடச்சிட்டானுங்க. டாங்கிலயே மூடிட்டாங்களாம். கல்லி பூரா காஞ்சி கெடக்குது. நீ நைனா பக்கத்துலயே உக்காந்துகினு இருந்த, உனக்கு எங்க தெரியப் போவுது."

"ட்ரம்ல?"

"அரை ட்ரம் இருந்துச்சி. வந்தவங்களுக்கு டீ போட்டதுல தீந்துபோச்சி."

கோதைக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரம் பார்த்து வருகிற சிரிப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முப்பத்தைந்து வருடம் வாட்டர் ஆபீசில் இருந்தவர் கோவிந்தராஜ். மேஸ்திரியாகச் சேர்ந்து ஓவர்சியராக ஓய்வு பெற்றவர். மராத்தி பேசும் கோர்படியின் இந்தப் பக்கத்தில் எந்தச் சந்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. தெருவில் போனால் 'பாணிவாலே சாஹேப்', தண்ணீர்க்கார ஐயா, என்று கும்பிடு விழும். அந்த சாஹேபின் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கடைசியில்தான் வரும். வரிசைப்படி அவர் வீட்டு முறை கடைசி. அதை மாற்றலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. "ஊரே உங்க பேரைச் சொல்லிக் குளிக்குது, நான் ஒருத்திதான் குடத்தைத் தூக்கிகினு நிக்கிறேன்" என்று அம்மா விசாலாக்ஷி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதற்கும் சிரிப்பார். வீட்டில் யார் என்ன குறை சொன்னாலும் சிரித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கோதையின் குறை ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. கூடப் படித்த பிள்ளைகளை அப்பாக்கள் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள், யானைச் சவாரி காட்டினார்கள், சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். அவள் போனதெல்லாம் அப்பாவோடு தெருவில் இரும்பு மூடி பார்க்க. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு தடவைகூட அவர் வந்ததில்லை. எங்காவது பைப் வெடித்திருக்கும். "என்னை எங்க கூட்டிகினு போன நைனா நீ? வால்வு பாக்கத்தான கூட்டிகினு போன?" என்று கல்யாணமாகிப் போன பிறகும் சண்டை வரும்போதெல்லாம் கேட்பாள். பதினெட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் பேச்சும் போயின. விஷ்ராந்த்வாடி வீட்டைப் புருஷன் ராம்பிரசாத் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கிப் பீ மூத்திரம் அள்ளினாள். ஆனால் கோபம் தன் இடத்திலேயேதான் இருந்தது. பணிவிடை வேறு, கோபம் வேறு. இரண்டையும் அவள் கலந்ததே இல்லை.

கூடத்துக்கு வந்தாள். ஆறடி உயரம், படுத்தபோது இன்னும் நீளமாகத் தெரிந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"முக்குக் குழாயிலயும் வரலியாக்கா?" என்று ஜமீலாவைக் கேட்டாள்.

"அதுவும்தான் காஞ்சி கெடக்குது."

அதுதான் கோதைக்குத் தாங்கவில்லை. வேலூர்ப் பக்கத்துச் சனங்கள் இந்தக் கல்லிக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ஊர் வழக்கப்படி சாவு வீட்டுக்குப் பெண்கள் சேர்ந்துபோய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவர வேண்டும். எண்ணெயும் சீயக்காயும் தலையில் வைத்து அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். கிணறும் ஏரியும் இல்லாத இடத்தில் எங்கே போவது? கல்லி முனையில், ரயில்வே சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பொதுக்குழாய் உண்டு. எழுபத்து நான்கில் கோவிந்தராஜ் போட்டது. அன்றிலிருந்து கல்லியில் யார் செத்தாலும் தண்ணீர் அங்கிருந்துதான். அம்மாவையும் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். அதைப் போட்டவருக்கு மட்டும் அது இல்லையா?

எட்டரைக்குத் தம்பி கோகுல்நாத் வாகட் பகுதியிலிருந்து வந்தான். கண் சிவந்திருந்தது. வந்ததும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அழுதான். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினான். அவன் சுபாவம் அப்படி. ஆபீசில் முப்பது பேருக்கு மேலாளன். யாரோ தண்ணீர் இல்லை என்று சொன்னதும் போனில் எதையோ தட்டினான். அரை மணியில் இருபது லிட்டர் கேன் பத்து வாசலில் வந்து இறங்கின.

"இதுல குளிப்பாட்டிடலாம்க்கா."

"இதுலயா?"

"டாங்கர் சொன்னேன். கல்லி பூரா தோண்டிப் போட்டிருக்கு, உள்ள வர முடியாதுன்றான். இது நல்ல தண்ணிதான்க்கா. ப்யூரிஃபைட்."

"ப்யூரிஃபைட்தான்டா. ஆனா கடைத் தண்ணி."

"நாலு மணிக்கு அங்க இருக்கணும். ஸ்லாட் போச்சின்னா நாளைக்குத்தான். மே மாசம், உடம்பு தாங்காது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கு மட்டும் ஆசையா? வேற வழி இருந்தா சொல்லு."

கோதை கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டரை மணி வரைக்கும் பாக்கலாம்," என்றாள். "அதுக்குள்ள வரலைன்னா நீ சொன்ன மாதிரியே செஞ்சிக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான்.

ஒன்பதரைக்கு வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை சேறு. வாட்டர் ஆபீசின் இளம் என்ஜினீயர், வைஷாலி. போன வருடம் இரண்டு முறை இங்கே வந்திருக்கிறாள், கோவிந்தராஜிடம் ஏதோ கேட்க. அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. இருவருக்கும் சங்கடமாகப் போயிற்று. இப்போது பந்தல், நாற்காலி, வாசலில் தீச்சட்டி எல்லாவற்றையும் பார்த்ததும் முகம் வெளுத்துத் திரும்பப் போனவளைக் கோதைதான் கூப்பிட்டாள்.

"தாயி, எனக்குத் தெரியாது," என்றாள் வைஷாலி மராத்தியில். அக்கா என்பதற்கு அவர்கள் தாயி என்பார்கள். "மன்னிச்சிடுங்க. நான் போறேன்."

"தண்ணி எப்ப வரும்? அதை மட்டும் சொல்லும்மா."

வைஷாலி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். உடைந்தது கல்லியின் உள்பக்கம் போகிற கிளைக் குழாய். அதற்கு முன்னால் ஒரு வால்வு இருக்கிறது. அதை மூடினால் போதும். உடைந்த பகுதி தனியாகிவிடும், டாங்கைத் திறந்து மற்ற எல்லாருக்கும் தண்ணீர் விடலாம். முனைக் குழாய்க்கும் வரும். ஆனால் வால்வு எங்கே என்றுதான் தெரியவில்லை. அதன்மேல் நாற்பது வருடமாகத் தார் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆபீஸ் வரைபடத்தில் அது ஒரு வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தால் கல்லி பூராவும் பீப் என்கிறது.

"இது சாஹேப் காலத்து வால்வு. அவருக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் ஒரு நோட்டு வெச்சிருந்தாராம்." வைஷாலி நிறுத்தினாள். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. தெரியும்."

கோதை உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தாள். அதன் சாவியை அப்பா எப்போதும் அரைஞாணில் கட்டியிருப்பார். காலையில் அதை அவிழ்த்தது அவள்தான். பெட்டியில் சர்வீஸ் காகிதங்கள், அம்மாவின் வெள்ளிக் கொலுசு, அடியில் காக்கி அட்டை போட்ட நீள நோட்டு.

நோட்டு தமிழில் இருந்தது. ஆபீசுக்கு மராத்தியில் எழுதிக் கொடுத்தவர், தனக்கென்று எழுதியதைத் தமிழில் எழுதியிருக்கிறார். கோகுலுக்குத் தமிழ் வாசிக்கவே வராது. கோதைக்கு எழுத்துக்கூட்டி வரும். பக்கத்துக்கு ஒரு வால்வு. இன்ன சுவரிலிருந்து இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்று எல்லாம் டேப் பிடித்த சுத்தமான கணக்கு. பதினேழாம் பக்கத்தில் 'கிர்ணி வால்வு' என்று இருந்தது. கல்லியின் உள்பக்கம் போகிற கிளையில் அந்தக் காலத்தில் மாவு மில் ஒன்று இருந்தது. மராத்தியில் அது கிர்ணி. இப்போது அந்த இடத்தில் மொபைல் கடை.

"இதுதான்," என்று வாசித்தாள் கோதை. "ரயில்வே கல்லிலிருந்து, சுவரோரமாக. 1982 நவம்பர் 14, ஞாயிறு. நூற்றுப் பதினான்கு தப்படி."

"தப்படின்னா?" என்றாள் வைஷாலி.

"நடந்து அளக்கிறது. காலால."

ரயில்வே நட்ட அந்த எல்லைக்கல் கல்லி முனையில், பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் இன்னும் அப்படியே இருந்தது. வைஷாலியின் முகம் மலர்ந்து, அடுத்த வரியில் சுருங்கியது. எண்கள் அவளுக்கும் புரிந்தன. 114க்குக் கீழே 1983, 106. அதற்குக் கீழே 1984, 98. பிறகு 91, 85, 79. 1987ஆம் வருடத்தோடு எண்கள் நின்றுவிட்டன. அதன் பிறகு வருடத்தை எழுதி எதிரே வெறும் கோடு, அடுத்த வருடம், கோடு, என்று பக்கம் முழுக்க.

"ஒரே வால்வுக்கு ஆறு அளவு. எதை எடுத்துக்கிறது?" என்றாள் வைஷாலி.

ஜமீலாவின் புருஷன் முகமது ரஃபீக் பந்தலிலிருந்து எழுந்து வந்தார். கோவிந்தராஜிடம் தொண்ணூறில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அவருக்கும் ஓய்வு கிடைத்து ஐந்து வருடம் ஆகிறது. நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கடசீல எழுதுனதுதான் சரி," என்றார். "சார் வருஷா வருஷம் செக் பண்ணித் திருத்தியிருப்பாரு. அவரு தப்பை அப்படியே விடுற ஆளு இல்ல."

பொருத்தமான வாதம். வைஷாலியின் ஆட்களில் ஒருவன் கல்லிலிருந்து எழுபத்தொன்பது தப்படி நடந்தான். பந்தலைத் தாண்டி, சாவு வீட்டுக்கு அடுத்த வீட்டருகே தோண்டினார்கள். கோதை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து கடப்பாரைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் மாலை போட்டார்கள், அழுதார்கள், போனார்கள். பதினொன்றரைக்குச் சத்தம் நின்றது. மூன்றடி ஆழத்தில் களிமண்தான் இருந்தது.

"சார் ஆறடி ஆளாச்சே," என்றார் ரஃபீக். "அவரு ஒரு எட்டு வெச்சா நமக்கு ஒன்னரை. இன்னும் தள்ளிப் பாருங்க."

தள்ளிப் பார்த்தார்கள். அங்கும் இல்லை. ஒருவேளை முதல் அளவுதான் சரியோ என்று நூற்றுப் பதினான்கு நடந்தார்கள். அது கல்லியையே தாண்டி யாரோ ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் போய் முடிந்தது. அங்கும் ஒரு குழி. மணி ஒன்றே கால். கோகுல் வாசலில் கேன்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தான். தோண்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கேனைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

வைஷாலி நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கோவிந்தராஜைக் கும்பிட்டாள். கோதையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னு மட்டும் புரியல தாயி. மத்த வால்வுக்கெல்லாம் ஒரே அளவு. எல்லாம் டேப். இது மட்டும் நடந்து அளந்திருக்கார். அதுவும் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சிகிட்டே வருது. இந்த வால்வு என்ன, கல்லைப் பாத்து நடந்து வருதா?"

அவள் களைப்பில் கேட்டது. வேடிக்கைக்குக் கேட்கவில்லை. கோதை நோட்டை மடியில் வைத்துப் பார்த்தாள். நவம்பர் 14, ஞாயிறு. பக்கத்தில் அப்பாவின் பாதங்கள் கட்டோடு கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழம். இந்தக் கால் எப்படி நூற்றுப் பதினாலு வைத்தது?

நவம்பர் 14. குழந்தைகள் தினம். ஞாயிற்றுக்கிழமை வந்ததால் பள்ளியில் முந்தின நாளே மிட்டாய் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் அழுத வருடம்.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது செருப்புக் கடிதான். புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, பின்னங்காலில் கடித்தது. மறுநாள் தார் போடப் போகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஆபீஸ் பூட்டியிருந்தது. டேப் உள்ளே மாட்டிக்கொண்டது. அப்பா அவளை அந்த ரயில்வே கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். 'இன்னிக்கு உன் நாளு. இன்னிக்கு நீதான் ஓவர்சியர், நான் உன் மேஸ்திரி. நீ நடந்து அளந்து சொல்லு, நான் எழுதிக்கிறேன்.' அவள் குதிகாலைக் கல்லில் ஒட்டவைத்து நடந்தாள். பள்ளியில் படித்த மராத்தி எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு. அப்பா பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு, மேஸ்திரி மாதிரி.

அவளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த வருடம் எட்டு. அதற்கடுத்த வருடம் ஒன்பது.

வால்வு நகரவில்லை. அப்பாவும் அளவைத் திருத்தவில்லை.

கோதை நோட்டை மூடினாள். எழுந்தாள். "எங்க போற?" என்றாள் ஜமீலா. "பெத்த பொண்ணு, தலைமாட்டை விட்டு இப்ப எழுந்திரிக்கக் கூடாது."

"நைனா வேலையாத்தான்க்கா போறேன்."

வெறுங்காலோடு கல்லி முனைக்குப் போனாள். மே மாத வெயில், தார் சுட்டது. ரயில்வே கல்லில் குதிகாலை ஒட்டவைத்தாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை தெருவில் சிறுபிள்ளை மாதிரி குட்டிக் குட்டி அடியாக எடுத்துவைப்பதைக் கல்லியே பார்த்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாராவது நினைத்திருக்கலாம். அவள் கவலைப்படவில்லை. முட்டி வலித்தது. ஒவ்வோர் அடியும் முழங்கையளவு, அதற்குமேல் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஏக், தோன், தீன் என்று வாய்விட்டு எண்ணினாள். இருபதைத் தாண்டியதும் பக்கத்தில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. வைஷாலி. புரிந்துதான் சேர்ந்தாளா என்று தெரியாது. கூடவே அதே குட்டி அடியில் நடந்தாள்.

நூற்றுப் பதினான்கு பந்தலுக்கு அடியில் வந்து முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த இரண்டாவது வரிசை நாற்காலிகள். ஒரு மணியிலிருந்து அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"இங்க," என்றாள் கோதை.

நாற்காலிகளை நகர்த்தினார்கள். நான்கு அடுக்குத் தார், நடுவில் ஓர் அடுக்கு சிமென்ட். இரண்டடியில் கடப்பாரை 'டங்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்குள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். மூடியைத் தூக்கியதும் ரஃபீக் ஆளுயர இரும்புச் சாவியை வாங்கிக்கொண்டார். "பழசு. எடப்பக்கம் திருகினாத்தான் மூடும். இவங்களுக்குத் தெரியாது," என்று குழிக்குள் சாவியை இறக்கினார். அறுபத்தைந்து வயது உடம்பை அதன்மேல் சாய்த்தார். அது அசையவில்லை. கோகுல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தான். அவனுக்கு இந்த வேலை பழக்கமில்லை. ஆனாலும் விடவில்லை. முனகிக்கொண்டு திரும்பியது வால்வு.

ரஃபீக் மூச்சு வாங்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு குழியைப் பார்த்தார்.

"நவம்பர் மாசம் ஆனா சார் இங்க வந்து நிப்பாரு," என்றார் கோதையிடம். "ரிடையர் ஆன பின்னாலயும் வருவாரு. அந்தக் கல்லுலேர்ந்து மெள்ளமா நடந்து வந்து இங்க நிப்பாரு. லீக்கு பாக்குறாருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

கோதை நோட்டைப் பிரித்து 79க்குக் கீழே பார்த்தாள். எண்பத்தெட்டு, கோடு. அவளுக்குப் பதின்மூன்று வயது. தெருவில் அப்பாவோடு அடி எண்ணிக்கொண்டு போவது வெட்கமாக இருந்தது. சிநேகிதி வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அவர் சிரித்துவிட்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். எண்பத்தொன்பது, கோடு. தொண்ணூறு, கோடு. பக்கம் தீர்ந்து அடுத்த பக்கத்திலும் போய், பக்கவாதம் வருவதற்கு முந்தின நவம்பரில் முடிந்தது. போயிருக்கிறார், ஒவ்வொரு வருடமும். எண்ணத்தான் ஆள் இல்லை.

இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது. பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். ஜமீலா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வைஷாலி டாங்குக்குப் போன் செய்தாள். இரண்டரைக்குத் தண்ணீர் வரவில்லை. கோகுல் கடிகாரத்தைப் பார்த்தான், கேன்களைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்க்கா. நான் மயானத்துல பேசுறேன்," என்று போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். இரண்டே முக்காலுக்குக் கல்லி முனையில் குழாய் இருமுகிற சத்தம் கேட்டது. முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் ஒரு வீச்சு, பிறகு நல்ல தண்ணீர்.

பெண்கள் குடத்தோடு போனார்கள். கோதை முன்னால், பக்கத்தில் தம்பி மனைவி ப்ரீத்தி, பின்னால் ஜமீலா. ஜமீலா குடம் எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கூடத்துக்குப் பின்னால் பெஞ்சில் வைத்து, எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்துக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் சில்லென்றிருந்தது. கோதை கடைசிக் குடத்தை அவருடைய பாதங்களில் ஊற்றினாள், மெதுவாக. விரலிடுக்கெல்லாம் தேய்த்து.

மூன்றே முக்காலுக்குத் தூக்கினார்கள். கல்லியில் வால்வுக் குழியையும் கேபிள் பள்ளங்களையும் சுற்றி வளைத்து வளைத்துப் போக வேண்டியிருந்தது. "சார், பாத்து," என்றார் முன்பக்கம் தோள் கொடுத்திருந்த ரஃபீக், பழக்கதோஷத்தில். ரயில்வே கல்லோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். அது வழக்கம். நின்றார்கள். வண்டியில் ஏற்றியதும் கோகுல் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். வண்டி போயிற்று.

மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள். கோதை மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள். குதிகாலைக் கல்லில் ஒட்டவைத்து, அவளுடைய வழக்கமான நடையில், வேகமும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்து வந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

வால்வுக் குழியருகே வைஷாலி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். புதிய மூடி வந்து இறங்கியிருந்தது. அவளுடைய ரிஜிஸ்டரில் ஐம்பத்தோரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. கோதையைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பேனா குடும்மா," என்றாள் கோதை.

முந்தானையில் செருகியிருந்த நோட்டை எடுத்துக் கடைசிக் கோட்டுக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினாள். எழுத்துக்கூட்டி, 'வியாழன்' என்றும் எழுதினாள். அதற்கு எதிரே 72 என்று போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலை முழுக உள்ளே போனாள்.